விற்காதே, வாடகைக்கு விடாதே, இடிக்காதே

சுமாகோவில் நான் தங்கிய வீட்டில் சாப்பாடு இல்லாமல் அறை மட்டும் தரமாட்டார்கள். முன்பதிவு செய்யும்போதே கேட்டுப் பார்த்தேன். ஒரே வரியில் பதில் வந்தது: ஒரு இரவு, இரண்டு வேளைச் சாப்பாடு. ராத்திரிச் சாப்பாடு ஆறு மணிக்கு, காலைச் சாப்பாடு ஏழரைக்கு. ஐந்து மணிக்குள் வந்துவிட வேண்டும். காசும் ஆளுக்கு இவ்வளவு என்றுதான், அறைக்கு இவ்வளவு என்று கிடையாது. குளியல் தொட்டி எல்லோருக்கும் பொது. முறை வைத்துக் குளிக்க வேண்டும்.

என்னடா இது, காலேஜ் ஹாஸ்டல் மாதிரி இருக்கே என்றுதான் முதலில் தோன்றியது. அந்த விதிக்கு இருநூறு வருஷத்துக்கு மேல் வயதிருக்கும் என்பது ஊருக்குத் திரும்பி வந்து படிக்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. படிக்கப் படிக்க, அங்கே நான் பார்த்த அழகான தெருவை விட, அந்தத் தெருவில் யார் குடியிருக்கலாம் என்று அந்த ஊர்க்காரர்கள் போட்டுக்கொண்ட ஒரு கட்டுப்பாடுதான் பெரிய விஷயமாகத் தெரிந்தது. இந்தக் கட்டுரை அதைப் பற்றி.

இடம் முதலில். ஜப்பானின் நடுவில், நாகானோ மாநிலத்தின் தென்மேற்கு ஓரத்தில், கிசோ ஆறு மலைகளை அறுத்துக்கொண்டு ஓடும் பள்ளத்தாக்கு. அதில் 420 மீட்டர் உயரத்தில் ஒரே ஒரு தெருவைக் கொண்ட ஊர் சுமாகோ. எடோவையும் (இன்றைய டோக்கியோ) கியோட்டோவையும் இணைத்த இரண்டு பெரிய சாலைகளில் ஒன்று கடலோரமாகப் போகும் தோகைடோ. இன்னொன்று மலைகளுக்குள்ளே புகுந்து போகும் நாகாசெண்டோ, சுமார் 530 கிலோமீட்டர். வழியில் 69 தங்கல் ஊர்கள். எடோவிலிருந்து எண்ணினால் சுமாகோ 42ஆவது, அடுத்த மாகோமே 43ஆவது. இரண்டுக்கும் நடுவே எட்டு கிலோமீட்டர், 800 மீட்டர் உயரத்தில் ஒரு கணவாய்.

நான் போனது டிசம்பர் முதல் வாரம். நகோயாவில் வாடிக்கையாளர் ஒருவரிடம் இரண்டு வாரம் வேலை, நடுவில் ஒரு சனி ஞாயிறு. ரயிலில் நாகாட்சுகாவா, அங்கிருந்து பஸ்ஸில் மாகோமே, அப்புறம் நடை. வழியெல்லாம் கரடி மணி தொங்கவிட்டிருக்கிறார்கள். போகிற வருகிறவர்கள் அடித்துவிட்டுப் போக வேண்டும், கரடி விலகிப் போய்விடுமாம். நான் ஒவ்வொரு மணியையும் தேவைக்கு அதிகமாகவே அடித்தேன். நாலரை மணிக்குச் சுமாகோவுக்குள் நுழையும்போது கிட்டத்தட்ட இருட்டிவிட்டது. பகல் சுற்றுலாக் கூட்டம் போய்விட்டது, கடைகள் மூடியாகிவிட்டன. கறுத்துப்போன மரச் சட்டங்கள், முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் மாடி, கதவுகளுக்கு வெளியே தாள் விளக்கு. ஒரு மின்கம்பம் இல்லை, ஒரு விளம்பரப் பலகை இல்லை. சினிமா செட்டுக்குள் வந்துவிட்டோமோ என்கிற சந்தேகம் வராமல் இருக்காது. எனக்கும் வந்தது. அந்தச் சந்தேகத்துக்குப் பிறகு வருகிறேன்.

தொகுகாவா ஆட்சியில் இந்த ஊர்கள் எல்லாம் தானாக வளர்ந்த சந்தைகள் அல்ல. 1600களின் தொடக்கத்தில் அரசாங்கம் சாலையை ஒழுங்குபடுத்தியபோது ஒவ்வொரு தங்கல் ஊருக்கும் ஒரு கடமையை விதித்தது. நாகாசெண்டோவில் பொதுவாக ஊருக்கு 50 சுமைகூலி ஆட்கள், 50 குதிரைகள் எப்போதும் தயாராக இருக்க வேண்டும். கிசோ பள்ளத்தாக்கின் பதினொரு ஊர்களும் ஏழை மலையூர்கள் என்பதால் அவற்றுக்கு 25 ஆள், 25 குதிரை. அரசாங்கப் பயணிகளையும் சுமைகளையும் அடுத்த ஊர் வரை கொண்டுபோய் விடுவது இவர்கள் பொறுப்பு. முத்திரைச் சீட்டோடு வருகிறவர்களுக்கு இலவசம், பெரிய மனிதர்களுக்கு அரசாங்கம் நிர்ணயித்த குறைந்த கூலி. இதில் வரும் நஷ்டத்தைச் சாதாரணப் பயணிகளைத் தங்கவைத்துச் சம்பாதித்து ஈடுகட்டிக்கொள்ள வேண்டும். அதாவது விருந்தினரைத் தங்கவைப்பது இங்கே முதலில் ஒரு வரி மாதிரி, பிறகுதான் தொழில்.

தங்குமிடங்களிலும் படிநிலை உண்டு. பிரபுக்களும் அரச தூதர்களும் தங்க ஹோன்ஜின். ஊருக்கு ஒன்று, ஊர்த்தலைவரின் வீடே அது. அங்கே இடம் இல்லையென்றால் வாகி ஹோன்ஜின், அதாவது துணை ஹோன்ஜின். சாதாரண மக்களுக்கு ஹதாகோ. அதுவும் கட்டுப்படியாகாதவர்களுக்கு கிச்சின் யாதோ என்று ஒன்று; அரிசியைத் தானே கொண்டுவந்து சமைத்துக்கொள்ள வேண்டும், கொடுக்கிற காசு விறகுக்கு மட்டும். ஹதாகோ என்றால் ராத்திரிச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்த்துத்தான் கணக்கு. என்னை ஹாஸ்டலை நினைக்கவைத்த அந்த விதி அப்படியே இதுதான். நான் தங்கியதை இன்று மின்ஷுகு என்பார்கள். குடும்பம் தன் சொந்த வீட்டில் சில அறைகளை விருந்தினருக்கு ஒதுக்கி நடத்துவது. பெயர் புதிது, கணக்கு பழையது.

1843ஆம் ஆண்டு எடுத்த ஒரு கணக்கு கிடைக்கிறது. சுமாகோவில் 83 வீடுகள், 418 பேர். அந்த 83இல் ஹதாகோ மட்டும் 31. ஹோன்ஜின் ஒன்று, வாகி ஹோன்ஜின் ஒன்று. ஆக, ஐந்தில் இரண்டு வீடுகள் வழிப்போக்கர்களால் வாழ்ந்தவை. மிச்ச வீடுகளில் குதிரைக்காரர், சுமைகூலி என்று இருந்தவர்களும் அதே சாலையை நம்பியவர்கள்தான். இவ்வளவு சின்ன இடத்தில், ஒரே வாடிக்கையாளரை (சாலையை) நம்பி ஒரு ஊர் முழுக்க இருந்தது என்பதைக் கவனியுங்கள். பிறகு நடந்தது புரிய அது போதும்.

ஹோன்ஜின் குடும்பத்துக்குக் குடும்பப்பெயர் வைத்துக்கொள்ளவும் வாள் தரிக்கவும் அனுமதி, தனி வாசல், உயர்த்திக் கட்டிய மேடை அறை என்று கௌரவத்துக்குக் குறைவில்லை. ஆனால் பிரபு தங்கிப் போனால் கிடைப்பது வாடகை இல்லை, அவர் மனம்போலக் கொடுக்கும் அன்பளிப்பு. 1861இல் பேரரசரின் தங்கை இளவரசி கசுனோமியா ஷோகுனை மணக்க கியோட்டோவிலிருந்து எடோவுக்குப் போனது இந்த வழியாகத்தான். பல ஆயிரம் பேர் கொண்ட ஊர்வலம், கடந்துபோகவே நாள்கணக்கானது. சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்தெல்லாம் ஆளையும் குதிரையையும் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அறுவடை முடியும் சமயத்தில் வயலிலிருந்து ஆளைக் கூட்டிப்போனால் விவசாயிக்கு எப்படியிருக்கும்?

இந்த வேதனையை உள்ளேயிருந்து எழுதியவர் ஷிமாசாகி தோசோன். 1872இல் மாகோமே ஹோன்ஜினில் பிறந்தவர். 1929 முதல் 1935 வரை தொடராக எழுதிய ‘விடியலுக்கு முன்’ நாவலின் நாயகன் அவருடைய அப்பா ஷிமாசாகி மசாகிதான், பெயர் மட்டும் வேறு. மசாகி மாகோமே ஹோன்ஜினின் கடைசித் தலைவர். அவர் மனைவி சுமாகோ ஹோன்ஜின் வீட்டுப் பெண். இரண்டு வீடுகளும் அப்படிச் சம்பந்தம் செய்துகொண்டவை.

மசாகியின் கதையில் நடுநாயகமாக நிற்பது காடு. கிசோ காடுகள் ஓவாரி சிற்றரசுக்குச் சொந்தம். ஹினோகி முதலான ஐந்து வகை மரங்களைக் கிராமத்தார் வெட்டக் கூடாது. ஒரு மரத்துக்கு ஒரு தலை என்று அந்தப் பக்கத்தில் சொல்லுவார்கள், அவ்வளவு கடுமை. வீட்டைச் சுற்றி உலகத்திலேயே நல்ல மரம் நிற்கும், ஆனால் வீட்டுக்கு ஒரு தூண் வைக்க முடியாது. 1868இல் ஆட்சி மாறியதும் காடு மக்களுக்குத் திரும்பிவிடும் என்று மசாகி நம்பினார். புதிய மெய்ஜி அரசு அதை அரசாங்கக் காடாக்கிவிட்டது. கிராமத்துக்காக மனு எழுதிய அவருக்குப் பதவி போயிற்று. 1874இல் டோக்கியோவில் பேரரசரின் வண்டியை நோக்கித் தன் கவிதை எழுதிய விசிறியை வீசிப் பிடிபட்டார். கடைசியில் மனம் பேதலித்து, ஊர்க் கோயிலுக்குத் தீ வைக்கப் பார்த்து, வீட்டுக்குள்ளேயே அடைத்துவைக்கப்பட்டு 1886இல் இறந்தார். புதிய காலத்தை முதல் ஆளாக வரவேற்ற மனிதரை அந்தப் புதிய காலமே இப்படிக் கொண்டுபோய் விட்டது.

தடை நீங்கியதன் ஒரே ஒரு கம்பீரமான சாட்சி சுமாகோவில் இன்றும் நிற்கிறது. வாகி ஹோன்ஜின் நடத்திய ஹயாஷி குடும்பம், கூடவே சாராயம் காய்ச்சும் தொழிலும் வைத்திருந்தவர்கள், 1877இல் தங்கள் வீட்டை முழுக்க ஹினோகி மரத்தில் புதிதாகக் கட்டினார்கள். இத்தனை தலைமுறை தொடமுடியாத மரத்தில் ஒரு வீடு! இப்போது அருங்காட்சியகம். உள்ளே நடுக்கூடத்தில் கணப்பு எரிந்துகொண்டே இருக்கிறது. குளிர்கால வெயில் மரக் கம்பிகள் வழியாகப் புகைக்குள் கீற்றுக் கீற்றாக விழுவதைப் பார்க்கவே ஆட்கள் வருகிறார்கள். கணப்புப் புகைதான் இந்த வீடுகளின் மரத்தைப் பூச்சியிடமிருந்து காப்பாற்றியது.

பிறகு சரிவு. 1872இல் தங்கல் ஊர் முறையே ரத்து. 1892இல் கிசோ ஆற்றை ஒட்டிப் புதுச் சாலை போட்டார்கள்; அது மாகோமேயையும் சுமாகோவையும் தொடாமல் போயிற்று. 1909இல் பள்ளத்தாக்கின் அடிவாரம் வரை ரயில் வந்தது, 1911இல் தண்டவாளம் முழுதும் இணைந்தது. நின்று தங்கிப் போக ஆள் இல்லை. சுமாகோ ஹோன்ஜினின் கடைசித் தலைவர் தோசோனின் சொந்த அண்ணன், அம்மா வழி வீட்டுக்குத் தத்துப் போனவர். அவர் டோக்கியோவுக்குக் கிளம்பிவிட்டார். வீட்டை இடித்துவிட்டார்கள். ஊரின் மிகப் பெரிய வீடு, அதில் குடியிருந்த ஆள் போனதும் இல்லாமல் போயிற்று. இன்று அங்கே நீங்கள் பார்க்கும் ஹோன்ஜின் பழைய வரைபடத்தை வைத்து 1995இல் திரும்பக் கட்டியது.

மாகோமே 1895இலும் 1915இலும் தீயில் எரிந்தது. அதனால் அங்கே பழைய கட்டடம் குறைவு. சுமாகோ எரியவும் இல்லை, புதிதாகக் கட்டிக்கொள்ளப் பணமும் இல்லை. வறுமைதான் ஊரைப் பழைய கோலத்தில் வைத்திருந்தது என்று பலரும் எழுதுகிறார்கள். சரிதான், ஆனால் பாதிதான் சரி. கிசோவிலேயே அதே வறுமையோடு இருந்த எத்தனையோ தெருக்கள் 1960களில் தகரமும் கண்ணாடியும் சிமெண்டுமாக மாறின.

1960களில் இங்கே என்ன நடந்தது? இளைஞர்கள் நகோயாவுக்கும் டோக்கியோவுக்கும் தொழிற்சாலை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வீடுகள் சாய்ந்துகொண்டிருந்தன. 1961இல் மூன்று கிராமங்கள் சேர்ந்து நாகிசோ என்ற ஊராட்சியானது; அதற்குள் சுமாகோ ஒரு மூலை. அந்த அலுவலகத்தில் வேலை பார்த்த கோபயாஷி தோஷிஹிகோ, தெருவை அப்படியே காப்பாற்றி, அதைப் பார்க்க வருகிறவர்களை வைத்து ஊர் பிழைக்கலாம் என்றார். அந்தக் காலத்தில் இது பைத்தியக்காரத்தனம். அப்போது காப்பாற்றுவது என்றால் ஒரு கோயிலை, ஒரு கோட்டையை. ஏழைகளின் பலகைக் கூரையை யார் காப்பாற்றுவார்? காற்றுக்குப் பறக்காமல் இருக்கக் கல் வைத்த கூரைகள் அவை. டோக்கியோ பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை வரலாற்றுப் பேராசிரியர் ஓட்டா ஹிரோத்தாரோ வழிகாட்ட வந்தார். 1968 மெய்ஜி ஆட்சிக்கு நூறாவது ஆண்டு. அதை ஒட்டி நாகானோ மாநிலம் பணம் ஒதுக்கியது. தெருவின் தென்பகுதியில் மோசமாகக் கிடந்த இருபத்துச் சொச்சம் வீடுகளில் பழுதுபார்ப்பு தொடங்கியது. மின்கம்பிகள் வீடுகளின் பின்பக்கம் போயின. அதே 1968இல் ‘சுமாகோவை நேசிக்கும் சங்கம்’ என்று ஊர்க்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஒன்றைத் தொடங்கினார்கள்.

கூட்டம் வர ஆரம்பித்ததும் பயம் வந்தது. 1970இல் தேசிய ரயில்வே ‘டிஸ்கவர் ஜப்பான்’ என்று பெரிய விளம்பரம் செய்தது. ‘அன்-அன்’, ‘நோன்-நோ’ என்று புதிதாக வந்த இரண்டு பெண்கள் பத்திரிகைகளைக் கையில் வைத்துக்கொண்டு இளம்பெண்கள் கூட்டம் கூட்டமாகப் பழைய ஊர்களைத் தேடி வந்தார்கள். கூட்டம் இருக்கும் இடத்துக்குப் பணம் வரும். வெளியூர்ப் பணம். கேட்ட விலைக்கு வீட்டை வாங்கிக்கொள்ள ஆள் வரும்.

1971இல் சுமாகோக்காரர்கள் ஒரு சாசனம் எழுதிக்கொண்டார்கள். மூன்று வாசகங்கள்: விற்காதே, வாடகைக்கு விடாதே, இடிக்காதே. நான் இதை முதலில் படித்தபோது மூன்றும் ஒரே விஷயம் என்று வேகமாகத் தாண்டிவிட்டேன். இரண்டாவது தடவை வரிசையைக் கவனித்தேன். பாரம்பரியத்தைக் காக்கும் எந்தச் சட்டத்தை எடுத்தாலும் முதல் வாசகம் ‘இடிக்காதே’யாகத்தான் இருக்கும். இங்கே அது கடைசி. முதலில் வருவது சொந்தக்காரர், கட்டடம் அப்புறம்.

மூன்றிலும் கெட்டி நடுவில் இருப்பதுதான் என்பது என் எண்ணம். விற்பது பெரிய முடிவு. யாரும் எளிதில் விற்கமாட்டார்கள். வாடகைக்கு விடுவது அப்படி இல்லை. முன்னறையை ஒரு கடைக்காரரிடம் விட்டுவிட்டு, மகன் வீட்டில் நகோயாவில் போய் இருந்துகொண்டு, மாசாமாசம் காசு வாங்கிக்கொள்ளலாம். வீடும் போகாது, சுவரும் இடியாது. ஆனால் பத்து வருஷத்தில் தெருவில் குடித்தனம் இருக்காது, கடை மட்டும் இருக்கும். சாயங்காலம் ஐந்து மணிக்கு எல்லோரும் பூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போவார்கள். உலகத்தில் எத்தனை அழகான பழைய தெருக்கள் இப்படி ஆகியிருக்கின்றன என்பதை எண்ணிப் பார்த்தால், 1971இல் ஒரு மலையூர்க்காரர்கள் இதை முன்கூட்டிப் பார்த்தது ஆச்சரியம்தான். எங்கள் தொழிலில் பயனர்கள் என்ன தப்புச் செய்வார்கள் என்று ஊகித்து விதி எழுத நாங்கள் படும் பாடு எனக்குத் தெரியும்.

அரசாங்கச் சட்டம் அதற்குப் பிறகுதான் வந்தது. கட்டடத் தொகுதிகளை மொத்தமாகப் பாதுகாக்க 1975இல் சட்டத் திருத்தம், 1976இல் நாட்டிலேயே முதலாவதாகத் தேர்ந்தெடுத்த ஏழு பகுதிகளில் சுமாகோ ஒன்று. சுற்றியிருக்கும் மலைச்சரிவையும் சேர்த்து 1,245 ஹெக்டேர். தெருவில் நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் கண்ணில் படும் மலையும் பாதுகாப்புக்குள் என்று அர்த்தம். பகலில் பத்து மணியிலிருந்து நாலு மணி வரை வண்டிகளுக்குத் தடை.

இப்போது அந்தச் சினிமா செட் சந்தேகத்துக்கு வரலாம். சாசனம் இருப்பதால்தான் இந்த இடம் செட் ஆகாமல் தப்பியது. அன்று ராத்திரி ஏழு மணிக்கு அந்தக் கறுத்த மரச் சட்டங்களுக்குப் பின்னால் டிவியில் மல்யுத்தமோ என்னவோ ஓடிக்கொண்டிருந்தது. குழந்தையை யாரோ திட்டினார்கள். பக்கத்து வீட்டு மாடியின் கீழே தோல் சீவிய பெர்சிம்மன் பழங்கள் கயிற்றில் காய்ந்துகொண்டிருந்தன. பின்கட்டில் கேஸ் சிலிண்டர், துணி காயவைக்கும் கொடி, சூடான இருக்கை கொண்ட கழிப்பறை எல்லாம் உண்டு. முகப்புதான் எடோ.

நான் தங்கிய வீட்டை நடத்துகிறவர் எழுபது தாண்டிய ஒரு அம்மா. கணவர் குளியல் தொட்டிக்குத் தண்ணீர் சுடவைப்பது, செருப்பை வாசல் பார்த்துத் திருப்பி வைப்பது என்று சத்தமில்லாமல் இருந்தார். அன்று விருந்தினர் நானும் ஒரு ஆஸ்திரேலியத் தம்பதியும்தான். கொண்டுவந்து வைத்த தட்டுகளை எண்ணி முடிக்க முடியவில்லை. உப்புத் தடவிச் சுட்ட ஆற்று மீன், மலைக் காளான், சோற்றை மசித்துக் குச்சியில் பிடித்து வாதுமைக்கொட்டைச் சாந்து தடவிச் சுட்ட கோஹேய் மோச்சி. ஓரத்தில் ஒரு கிண்ணத்தில் புளித்த கீரை. சுங்கி என்று பேர். சிவப்பு டர்னிப்பின் இலையை உப்பே போடாமல் புளிக்கவைப்பது. கடல் தூரம், உப்பு விலை அதிகம், அதனால் உப்பில்லாத ஊறுகாய். அந்த ஒரு கிண்ணம் கிசோவின் பொருளாதாரத்தை எனக்கு நன்றாகச் சொல்லிக்கொடுத்தது. புளிப்பு நம் நாக்குக்குப் பழக்கம்தான், இரண்டாவது கிண்ணமும் கேட்டேன். அந்த அம்மாவுக்கு அப்படிச் சந்தோஷம். வெளிநாட்டுக்காரர்கள் அதை ஒதுக்கிவிடுவார்களாம்.

ஜப்பானிய வாடிக்கையாளர்களோடு வேலை பார்த்ததில் ஒட்டிக்கொண்ட அரைகுறை மொழி எனக்கு உண்டு. மிச்சத்தை ஃபோன் மொழிபெயர்த்தது. தட்டுகளை எடுத்த பிறகு கணப்பு மேசைக்குள் காலை நீட்டிக்கொண்டு பேசினோம். 1970களில் பக்கத்து ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவர். வந்த வருஷம் ஒரு அறையில் ஆறு பெண்கள் படுத்தார்களாம். “மாமியாரும் நானும் தூங்கினதே ஞாபகம் இல்ல. காலையில நாலு மணிக்கு அரிசி கழுவணும்” என்றார். மாமியார்தான் மின்ஷுகு தொடங்கியவர். அதற்கு முன்னால் இந்த வீடு ஹதாகோவாக இருந்ததா என்று கேட்டேன். “இருந்துச்சுன்னு மாமனார் சொல்லுவார். காகிதம் எதுவும் இல்ல.”

சாசனத்தைப் பற்றிக் கேட்டேன். மூன்று வாசகங்களையும் அந்த அம்மா விரல் மடக்கிச் சொன்னார். இரண்டாவது விரலில் நின்றுவிட்டார்.

“ரெண்டு பேர் எனக்கு. பொண்ணு சைத்தாமாவுல. பையன் நகோயாவுல கார் கம்பெனிக்குப் பாகம் செய்ற இடத்துல வேலை. நாங்க ரெண்டு பேரும் போயாச்சுன்னா இந்த வீட்டை விக்கக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது, இடிக்கக் கூடாது. அப்ப என்னதான் பண்றது?”

எனக்குப் பதில் தெரியவில்லை. ஃபோன் அதை மொழிபெயர்த்து முடித்துவிட்டு அடுத்த வாக்கியத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது. பையனுக்குச் சட்டப்படி வீடு வருமே என்றேன், அசட்டுத்தனமாக. “வரும். பூட்டித்தான் வெச்சிருப்பான். பூட்டின வீடு மூணு மழைக்குத் தாங்காது. கணப்புப் புகை வேணும்.” கணவர் அப்போதுதான் வாய் திறந்தார்: “கூட்டம் போட்டுப் பேசிக்கிட்டுத்தான் இருக்கோம்.” அந்த அம்மா சிரித்தார். “அம்பது வருஷமா கூட்டம்தான்.”

திரும்பி வந்த பிறகும் நான் அதிகம் யோசித்தது இதைத்தான். சாசனம் வெளியாரை வெளியே நிறுத்த எழுதியது. உள்ளே ஆள் இருப்பார்கள் என்று அது நம்பிக்கொண்டது. 1971இல் அந்த நம்பிக்கையில் தவறில்லை. அரிசி கழுவ மருமகள் இருந்தாள், வேலைக்குப் போனவர்களில் சிலராவது திரும்பி வந்தார்கள். ஆள் குறையும் ஒரு நாட்டில், ஆள் குறைந்துகொண்டே போகும் ஒரு பள்ளத்தாக்கில் அதே சாசனம் வேறு மாதிரி வேலை செய்கிறது. வெளியூர் இளைஞர் ஒருவர் குடும்பத்தோடு வந்து இருக்கிறேன், சமைத்துப் போடுகிறேன் என்றால்கூட வீட்டை அவருக்கு விட வழியில்லை. விதியைத் தளர்த்தினால் முதலில் உள்ளே வருவது அந்த இளைஞரா, பெரிய ஹோட்டல் பணமா? இதற்கு வெளியிலிருந்து நான் தீர்ப்புச் சொல்வது நன்றாயிருக்காது. ஆனால் விதியை வெறும் பிடிவாதம் என்று எழுதும் பயணக் கட்டுரைகளைப் பார்க்கும்போது கோபம் வருகிறது. அந்த விதி இல்லாவிட்டால் அவர்கள் புகழும் தெருவே இல்லை.

காலையில் ஏழரைக்குச் சாப்பாடு, எட்டரைக்கு நாகிசோ ரயில் நிலையத்துக்குப் பஸ். அந்த அம்மா வாசல் வரை வந்து குனிந்து வணக்கம் சொன்னார். சுமாகோ தெருவில் வேண்டுமென்றே செங்கோணமாக இரண்டு திருப்பம் வைத்திருக்கிறார்கள், எதிரிப் படை நேராக ஓடி வரக் கூடாது என்று. அந்தத் திருப்பம் வரை நான் திரும்பிப் பார்த்தபோதெல்லாம் அவர் குனிந்துகொண்டே இருந்தார். எனக்கு வெட்கமாகப் போய், வேகமாக நடந்தேன்.

இந்த வருஷம் திரும்ப நகோயாவில் வேலை. முன்பதிவுக்கு எழுதினேன். இந்தத் தடவை பதில் மகனிடமிருந்து வந்தது. அப்பா போன இலையுதிர்காலத்தில் தவறிவிட்டார், அம்மா நன்றாக இருக்கிறார். இனி சனிக்கிழமை ராத்திரிகளில் மட்டும்தான் விருந்தினரை எடுக்கிறோம், நான் நகோயாவிலிருந்து வந்து அடுப்புப் பற்றவைக்க மூன்று மணி ஆகும், அதற்கு முன் வர வேண்டாம் என்று எழுதியிருந்தார். சாப்பாடு வழக்கம்போல இரண்டு வேளை. சுங்கி வைக்கச் சொல்லி அம்மா சொல்கிறார், சாப்பிடுவீர்களா என்றும் கேட்டிருந்தார். சனிக்கிழமைக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.